மெஸ் என்றால் குப்பையா, சாப்பாடா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு 'மெஸ்' போர்டு கண்ணில் பட்டுவிடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது பசியைக் கிளப்பும் சொல். என் அத்தை தல்லாகுளத்தில் மாதச் சாப்பாட்டு மெஸ் நடத்தினார். ஒரு கோடை லீவில் வெளியூரிலிருந்து வந்த உறவுக்காரப் பையன் போர்டைப் பார்த்துவிட்டு, "குப்பைனு எழுதி வச்சிட்டு உள்ள சோறு போடுறீங்களே அத்தை" என்று சிரித்தான். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. முகம் மட்டும் சுண்டிப் போனது. பக்கத்தில் இலை நறுக்கிக்கொண்டிருந்த எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு ஆங்கிலம் படித்து, ஆங்கிலமே சொல்லிக் கொடுக்கும் வேலைக்கு வந்தேன். அகராதிகளைப் புரட்டித் தெரிந்துகொண்டதை, மாணவர்களும் தெரிந்தவர்களும் கடைக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

மெஸ் என்றால் இங்கிலீஷில் குப்பை, அலங்கோலம் என்றுதானே அர்த்தம்?

இன்றைக்கு அந்த அர்த்தம்தான் அதிகம் புழங்குகிறது. ஆனால் அது அந்தச் சொல்லுக்குக் கடைசிக் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட அர்த்தம். 1300-ஆம் ஆண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது மெஸ் என்றால் சாப்பாடு. ஒருவேளைக்குரிய உணவு, அல்லது பரிமாறப்படும் ஒரு பதார்த்தம். ஐந்நூறு வருஷத்துக்கு மேல் அது மரியாதையான சாப்பாட்டுச் சொல்லாகவே இருந்தது. அலங்கோலம், குழப்பம் என்ற அர்த்தங்கள் 19-ஆம் நூற்றாண்டில்தான் பரவின. ஆகவே அத்தையின் போர்டில் இருந்தது பழைய அர்த்தம், மூத்த அர்த்தம். அந்தப் பையன் சொன்னது இளைய அர்த்தம்.

ஆங்கிலத்துக்கு எங்கிருந்து வந்தது?

பிரெஞ்சிலிருந்து. பழைய பிரெஞ்சில் 'மெஸ்' என்றால் சமைத்து வைத்த பதார்த்தம். இன்றைய பிரெஞ்சிலும் அது இருக்கிறது. எழுத்தில் ஒரு 'ட்' கூடியிருக்கிறது, உச்சரிப்பு 'மெ' என்று தேய்ந்துவிட்டது. அதற்கும் பின்னால் போனால் லத்தீன். 'மித்தெரே' என்றால் அனுப்புதல். 'மிஸ்ஸுஸ்' என்றால் அனுப்பப்பட்டது. பிற்கால லத்தீனில் அனுப்புதல் என்பது 'வைத்தல்' என்றும் மாறியது. ஆக, அடுக்களையிலிருந்து அனுப்பி, சாப்பிடுகிறவர் முன்னால் கொண்டு வந்து வைக்கிற ஒரு பதார்த்தம்தான் மெஸ்.

மதுரை மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இது உடனே பிடிபடும். இலை போட்டு, சோறு வைத்தவுடன் ஒருவர் பெரிய தட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார். அதில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் சுக்கா, ஈரல், குடல், மூளை, கோலா உருண்டை, விரால் வறுவல் எல்லாம் வரிசையாக இருக்கும். மெனு கார்டு கிடையாது. தட்டே மெனு. நாம் கை காட்டுவது இலைக்கு வரும், மற்றது அடுத்த மேசைக்குப் போகும். லத்தீன்காரன் சொன்ன 'உள்ளிருந்து அனுப்பப்பட்டது' அந்தத் தட்டில் இருக்கிறது. ஏழு நூற்றாண்டுக்கு முந்தைய அர்த்தத்தை ஆங்கிலம் பேசுகிறவர்களே பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். இங்கே தினமும் மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு அது நடந்துகொண்டிருக்கிறது.

அப்படியானால் சாப்பிடும் இடத்துக்கு மெஸ் என்ற பெயர் எப்படி வந்தது?

பதார்த்தத்திலிருந்து ஆட்களுக்குப் போய், ஆட்களிடமிருந்து இடத்துக்கு வந்தது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெரிய விருந்துகளில் ஒவ்வொருவருக்கும் தனித்தட்டு வைப்பதில்லை. பெரும்பாலும் நான்கு பேருக்கு நடுவில் ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் மெஸ். அதைப் பகிர்ந்து சாப்பிடுகிற நான்கு பேருக்கும் அதே பெயர் வந்துவிட்டது. ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் ஒருவன், 'நீங்கள் மூன்று முட்டாள்கள், மெஸ் நிறைவதற்கு நான்காவது முட்டாளாக நான் தேவைப்பட்டேன்' என்ற பொருளில் பேசுவான். மெஸ் என்றால் நான்கு என்று தெரியாவிட்டால் அந்த வசனமே விளங்காது. லண்டனில் பாரிஸ்டர்களை உருவாக்கும் பழைய சட்டச் சங்கங்களில் இன்றைக்கும் விருந்தின்போது நான்கு நான்கு பேராக உட்கார வைத்து, அந்த நால்வரை ஒரு மெஸ் என்று சொல்கிறார்கள்.

இதைப் படித்த அன்று எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம்முடைய 'பந்தி'. வடமொழியில் 'பங்க்தி' என்ற சொல் 'பஞ்ச' என்ற ஐந்தோடு உறவுடையது. ஐந்தின் தொகுதி என்பது அதன் பழைய பொருள். பிறகு வரிசை என்று ஆனது. தமிழில் பந்தியாகி, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் வரிசை ஆனது. அங்கே நான்கு பேர், இங்கே ஐந்து. கல்யாண வீட்டில் "மூணாவது பந்தி ஓடிட்டு இருக்கு" என்று சொல்லும்போது நாமும் ஆட்களையும் சாப்பாட்டையும் இடத்தையும் சேர்த்தேதான் ஒரே சொல்லில் சொல்கிறோம். தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவனைப் பந்தி என்று சொல்ல முடியாது. மெஸ் என்ற சொல்லிலும் அந்தச் சேர்க்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு இந்தச் சொல்லில் ரொம்பப் பிடித்த விஷயமே அதுதான்.

ராணுவத்துக்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன சம்பந்தம்?

கப்பலிலும் பாசறையிலும் ஒரே குழுவாகச் சாப்பிட வேண்டியிருந்தது. அந்தக் குழுவையும், அது சாப்பிடும் இடத்தையும் மெஸ் என்றார்கள். ஆபீசர்ஸ் மெஸ், சார்ஜன்ட்ஸ் மெஸ் எல்லாம் அப்படி வந்தவை. இங்கிலாந்து ராணுவத்தோடு இந்தியாவுக்கும் வந்தது. ராணுவ மெஸ், போலீஸ் மெஸ், கல்லூரி ஹாஸ்டல் மெஸ் என்று ஒவ்வொரு கூட்டு அடுக்களைக்கும் அதே பெயர். கல்கத்தாவில் வேலை தேடி வந்த ஆண்கள் சேர்ந்து தங்கிச் சாப்பிட்ட வீடுகளுக்கு 'மெஸ் பாரி' என்று பெயர். பாரி என்றால் வங்காளியில் வீடு.

நம் ஊர் ஹாஸ்டல்களில் 'டிவைடிங் சிஸ்டம்' என்று ஒன்று உண்டு. மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, சாப்பிட்ட நாள்களைக் கணக்குப் பார்த்து, எல்லார் தலையிலும் பிரித்துப் போடுவது. ஒரு பாத்திரத்தை நான்கு பேர் பங்கு போட்டுக்கொண்ட பழைய மெஸ் எனக்கு அந்த மெஸ் பில்லில் தெரியும். அத்தையின் கணக்கு நோட்டிலும் அப்படித்தான். பேர், தேதி, எத்தனை வேளை. ஊருக்குப் போன நாளுக்குக் காசு கிடையாது.

சரி, சாப்பாடு எப்படிக் குப்பையானது?

இரண்டு படிகள். முதல் படி, கலவைச் சாப்பாடு. குழைய வேகவைத்த கஞ்சி, கூழ், பருப்புக் கலவை போன்றவற்றை மெஸ் என்று சொன்னார்கள். 18-ஆம் நூற்றாண்டில் ஆடு மாடு, நாய்க்குக் கலந்து வைக்கிற தீனிக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. அடுத்த படி ரொம்ப எளிது. எதுவெல்லாம் கலந்து, பிரிக்க முடியாமல், பார்க்கச் சகிக்காமல் கிடக்கிறதோ அதெல்லாம் மெஸ். பிறகு வீடு மெஸ், மேசை மெஸ், வாழ்க்கையே மெஸ் என்று நீண்டுகொண்டே போயிற்று.

இது ஏதோ ஆங்கிலத்துக்கு மட்டும் நடந்த விபரீதம் என்று நினைக்க வேண்டாம். தமிழில் 'குழம்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'எனக்குக் குழம்புகிறது' என்றால் மனம் தெளிவில்லாமல் கலங்குகிறது. 'எனக்குக் குழம்பு ஊற்றுங்கள்' என்றால் சாப்பாடு. இரண்டும் ஒரே வேர். கலந்து திரண்டு கெட்டியாவதைச் சொல்லும் சொல். சந்தனக் குழம்பு, எரிமலைக் குழம்பு என்பதிலும் அதே பொருள்தான். தமிழில் கலங்குதலிலிருந்து சாப்பாடு பிறந்தது. ஆங்கிலத்தில் சாப்பாட்டிலிருந்து கலக்கம் பிறந்தது. எதிரெதிர்த் திசையில் நடந்து இரண்டு சொற்களும் ஒரே இலையில் வந்து சந்திக்கின்றன. 'மெஸ்ஸில் குழம்பு' என்று நாம் சொல்கிறபோது அதில் குழப்பம் என்ற அர்த்தம் இரண்டு முறை ஒளிந்திருக்கிறது, சாப்பாடு என்ற அர்த்தமும் இரண்டு முறை இருக்கிறது. யாரும் குழம்புவதில்லை. எலும்புக் குழம்பா, நண்டுக் குழம்பா என்று மட்டும் கேட்கிறோம்.

சொல் தரம் இறங்குவதற்குத் தமிழிலேயே இன்னும் தெளிவான உதாரணம் 'நாற்றம்'. குறளில் மொட்டுக்குள் அடங்கியிருக்கும் மணத்தைத் திருவள்ளுவர் நாற்றம் என்றே சொல்கிறார். இன்றைக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் போய் நின்று, மல்லிகையை முகர்ந்துவிட்டு "நல்ல நாற்றம்" என்று சொல்லிப் பாருங்கள். பூக்காரம்மா விடமாட்டார். அதற்காகத் திருவள்ளுவர் தப்பாகச் சொன்னார் என்று யாராவது சொல்வோமா? மெஸ் போர்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பைபிளில் மெஸ் வருகிறது என்கிறார்களே?

வருகிறது. 1611-இல் வெளியான ஆங்கில பைபிளில், யோசேப்பு தன் சகோதரர்களுக்கு விருந்து வைக்கும் இடத்தில் இருக்கிறது. தனக்கு முன்னால் இருந்ததிலிருந்து ஆளுக்கு ஒரு மெஸ் 'அனுப்பினான்' என்றும், பென்யமீனுடைய மெஸ் மற்றவர்களுடையதைவிட ஐந்து மடங்கு என்றும் எழுதியிருக்கும். அனுப்புதலும் மெஸ்ஸும் ஒரே வரியில் நிற்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிரியமான தம்பிக்கு இலையில் கூட வைப்பது எல்லா ஊரிலும் உண்டு போல.

ஏசா பசியில் தன் தலைமகன் உரிமையைப் பயற்றங்கூழுக்கு விற்ற கதையை ஆங்கிலத்தில் 'மெஸ் ஆஃப் பாட்டேஜ்' என்று சொல்வார்கள். பெரிய உரிமையை அற்பத்துக்குக் கைமாற்றுவதற்கு அது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தொடர் 1611 மொழிபெயர்ப்பின் வசனங்களில் கிடையாது. அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. 1560-ஆம் ஆண்டின் ஜெனீவா பைபிளில் அத்தியாயத் தலைப்புக் குறிப்பில் பார்க்கலாம்.

மெஸ், மேசை, மேஸ்திரி மூன்றும் ஒரே குடும்பமா?

ஒலியை வைத்து அப்படித் தோன்றும். மூன்றும் மூன்று குடும்பம்.

மேசை போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. அவர்கள் மொழியில் 'மேசா', லத்தீனில் 'மென்சா'; பொருள் இன்றும் அதே மேசைதான். மேஸ்திரியும் போர்த்துகீசியர் கொடுத்ததே. 'மெஸ்த்ரே' என்றால் தலைவன், ஆசான். அதன் லத்தீன் மூலம் 'மாகிஸ்தெர்'. மாஸ்டர், மிஸ்டர் எல்லாம் அதன் பிள்ளைகள். ஸ்கூலில் டீச்சரை 'மிஸ்' என்று கூப்பிடுகிறோமே, அதுவும் அந்த வீட்டுப் பெண்தான்; மிஸ்ட்ரஸ் என்பதன் சுருக்கம்.

எங்கள் ஊரில் மேல பெருமாள் மேஸ்திரி வீதி, கீழ பெருமாள் மேஸ்திரி வீதி என்று தெருக்கள் இருக்கின்றன. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840-களை ஒட்டி, மதுரைக் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த வேலையை நடத்தியவர் பெருமாள் மேஸ்திரி. அந்தப் பக்கம் ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டால், தெருவின் பெயரில் ஒரு லத்தீன் சொல், கடையின் பெயரில் இன்னொன்று, கை வைக்கும் மேசையில் மூன்றாவது. வாசலில் கல்லைத் தட்டிக்கொண்டிருக்கும் பரோட்டா மாஸ்டரையும் சேர்த்தால், மேஸ்திரிக்கு ஒரு சொந்தக்காரரும் வந்துவிட்டார்.

அப்படியானால் மெஸ்ஸின் உண்மையான சொந்தக்காரர்கள் யார்?

நாம் தினமும் வாயில் போட்டு உருட்டுகிற சொற்கள்தான். 'அனுப்புதல்' என்ற அந்த மித்தெரேவின் வம்சம் ரொம்பப் பெரியது.

மதுரைக்காரர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது 'மிஷன்'. வேறு தேசத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் பணி என்பது அதன் பொருள். 1606-இல் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். அவரோடு சேர்த்துச் சொல்லப்படும் மதுரை மிஷன் ஐரோப்பாவிலும் பெயர் பெற்றது. 1834-இல் அமெரிக்க மிஷன் இங்கே வேலையைத் தொடங்கியது. 1881-இல் பிறந்த அமெரிக்கன் கல்லூரி அவர்கள் வழி வந்தது. பெரியவர்கள் வாயில் இன்றும் 'மிஷன் ஆஸ்பத்திரி' என்ற பேச்சு இருக்கிறது. கத்தோலிக்கத் திருப்பலிக்கு ஆங்கிலத்தில் 'மாஸ்' என்று பெயர். வழிபாட்டின் முடிவில் சபையை அனுப்பி வைக்கும் லத்தீன் வாக்கியத்தில் வரும் 'மிஸ்ஸா' என்ற சொல்லிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸ்ஸின் கடைசியில் இருக்கும் 'மஸ்' அதுவே. அதாவது கிறிஸ்துமஸ்ஸும் மெஸ்ஸும் தூரத்துப் பங்காளிகள்.

மாட்டுத்தாவணியில் கமிஷன் மண்டிக்குப் போனால் 'கமிஷன்', லாரிக்காரரிடம் 'பர்மிட்', கல்லூரி வாசலில் 'அட்மிஷன்', கோயில் திருவிழாவில் 'கமிட்டி', வேலை போனால் 'டிஸ்மிஸ்', கைப்பேசியில் 'மெசேஜ்'. எல்லாம் அதே வேர். 'மிசைல்' என்பதும் அதுதான், எறியப்படுவது, அனுப்பப்படுவது. தமிழில் அதற்கு ஏவுகணை என்று பெயர் வைத்தவர்கள் 'ஏவு' என்று தொடங்கியது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

மிஸ்டு கால்?

இல்லை. தவறவிடுதல் என்ற 'மிஸ்' ஜெர்மானியக் கிளைச் சொல். பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. லத்தீனோடு ஒட்டு உறவு கிடையாது. 'மெசியா'வும் சேராது, அது எபிரெயம், அபிஷேகம் பெற்றவர் என்று பொருள்.

மெஸ் என்பதற்கு ஆங்கிலத்தில் வேறு என்னென்ன பயன்பாடுகள்?

அமெரிக்காவின் தெற்கில் ஒருவேளைக்குத் தேவையான அளவு கீரையையோ மீனையோ 'ஒரு மெஸ்' என்பார்கள். நாம் 'ஒரு குழம்புக்கு ஆகும்' என்று சொல்கிற கணக்கு. டெக்சஸ் மாநிலத்தில் 1980-களின் நடுவில் சாலையில் குப்பை போடாதீர்கள் என்று சொல்ல 'டோன்ட் மெஸ் வித் டெக்சஸ்' என்ற வாசகத்தை வைத்தார்கள். எங்களிடம் வம்பு வைத்துக்கொள்ளாதே என்ற முறைப்பும், அசுத்தம் செய்யாதே என்ற வேண்டுகோளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. இங்கிலாந்தில் 'ஈட்டன் மெஸ்' என்று ஓர் இனிப்பு: ஸ்ட்ராபெரி, கிரீம், முட்டை வெள்ளையில் சுட்ட மெரிங்க் மூன்றையும் உடைத்துக் கலப்பது. வளர்ப்பு நாய் வீட்டுக்குள் அசிங்கம் செய்தால் அதுவும் மெஸ்தான். அதை விட்டுவிடுவோம்.

மதுரையில் மெஸ்ஸுக்கும் ஹோட்டலுக்கும் என்ன வித்தியாசம்?

முன்பு வித்தியாசம் தெளிவாக இருந்தது. ஹோட்டலுக்கு யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம். காபி கிளப் என்றால் காபி, பலகாரம். மிலிட்டரி ஹோட்டல் என்றால் கறி உண்டு என்று அர்த்தம். மெஸ் என்பது மாதக் கணக்கு வைத்துச் சாப்பிடும் இடம். வீட்டின் முன் அறையில் நான்கு பெஞ்சு, அல்லது கேரியரில் எடுப்புச் சாப்பாடு. கல்யாணமாகாத ஆபீஸ்காரர்கள், ரெப்புகள், மாணவர்கள் வருவார்கள். இன்றைக்குச் சமையல் என்ன என்பதை வீட்டு அம்மா முடிவு செய்வார், வருகிறவர்கள் இல்லை.

இப்போது பல மெஸ்கள் மாடி கட்டி, ஏசி போட்டு, பெரிய ஹோட்டல்களாகவே ஆகிவிட்டன. அயிரை மீன் குழம்புக்குப் பேர்போன அம்மா மெஸ், கறி தோசைக்குப் பேர்போன சிம்மக்கல் கோனார் கடை இவற்றைத் தேடி வெளிநாட்டிலிருந்துகூட வருகிறார்கள். மாதக் கணக்கு போய்விட்டது. ஆனாலும் மெஸ் என்று போர்டு வைத்தால் ஒரு எதிர்பார்ப்பு வருகிறது: அம்மியில் அரைத்த மாதிரி மசாலா இருக்கும், கேட்காமலே இரண்டாவது முறை குழம்பு ஊற்றுவார்கள், "போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கவா" என்று முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள் என்று. இதெல்லாம் இல்லாமல் பேருக்கு மெஸ் என்று வைத்திருக்கும் கடைகளில் எனக்கு மனசு ஒட்டுவதில்லை.

மெஸ்ஸுக்குத் தமிழ்ச் சொல் இல்லையா?

உணவகம், உணவு விடுதி, சாப்பாட்டுக் கடை என்று நிறைய உண்டு. மதுரைக்காஞ்சியில் இந்த ஊர்க் கடைவீதியின் சாப்பாட்டைச் சொல்லும் இடத்தில் ஊன்சோறு வருகிறது. ஆக, விற்கிற சோறும் அதற்கான சொற்களும் நம்மிடம் நெடுங்காலமாக இருக்கின்றன. உணவகம் என்று எழுதினால் நான் சந்தோஷப்படுவேன். ஆனால் மெஸ் என்று எழுதியிருப்பதை அழிக்கச் சொல்லமாட்டேன். மேசையையும் மேஸ்திரியையும் போல அதுவும் இந்த ஊரில் குடியேறி, இங்கேயே ஒரு தனி அர்த்தம் சம்பாதித்துவிட்ட சொல்.

அலங்கோலம் என்ற அர்த்தத்துக்குத் தமிழில் தாராளமாகச் சொற்கள் இருக்கின்றன: குளறுபடி, அலங்கோலம், களேபரம், கந்தரகோளம். "ரூம் ஒரே மெஸ்ஸா இருக்கு" என்று பிள்ளைகள் சொல்லும்போது மட்டும் நான் திருத்துவேன். கந்தரகோளம் என்று சொல்லிப் பாருங்கள், அறை இன்னும் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும்.

அப்பா நடத்தும் கடை 'மெஸ்'. படித்தவர்கள் சிரிக்கிறார்கள் என்று 'ரெஸ்டாரன்ட்' என்று மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

ரெஸ்டாரன்ட் என்ற சொல்லின் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பிரெஞ்சில் உடம்புக்குத் தெம்பைத் திரும்பக் கொடுக்கிற கறிச் சாற்றுக்கு அந்தப் பெயர் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பாரீஸில் அந்தச் சாற்றை விற்ற கடைகளுக்கும் அதே பெயர் வந்தது. நம் கணக்கில் அது எலும்பு சூப். ராத்திரி தள்ளுவண்டியில் ஆட்டுக்கால் சூப் விற்கிறவர்தான் அந்தச் சொல்லுக்கு முதல் உரிமைக்காரர். உங்கள் அப்பா சோறு, நாலு வகைக் குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு போடுகிறார். அவருக்குப் பொருந்துவது மெஸ்தான்.

சிரிக்கிறவர்களிடம் கோபப்பட வேண்டாம். உட்கார வைத்து இலை போடுங்கள். தட்டு வரும்போது, "இதுக்குப் பேருதான் மெஸ், இங்கிலீஷ்ல முதல் அர்த்தம் இதுதான்" என்று அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள். நான் அத்தைக்கு அன்றைக்கு எடுத்துக் கொடுத்திருக்க வேண்டிய பதில் அது. போர்டு வெளுத்துப் போயிருந்தால் பெயின்டரைக் கூப்பிட்டு அதே எழுத்தைத் திரும்ப எழுதச் சொல்லுங்கள்.